கானல்வரி: ஒரு கடற்கரைப் பாட்டுத் தொகுதியும் அதன் மதிப்பீட்டு வரலாறும்

காவிரி கடலோடு கூடுமிடத்தில், இன்று மயிலாடுதுறை மாவட்டத்துச் சீர்காழி வட்டத்தில் மீனவர் குடியிருப்புகள் சூழ நிற்கும் பூம்புகாரின் மணற்பரப்பில், இந்திர விழா நிறைவெய்திய பின்னர் வந்த கடலாட்டு நாளன்று, புன்னை மரத்து நிழலில் ஓவியம் எழுதிய திரை வளைத்து மேலே விதானமும் கட்டிய ஓர் இடத்தில் அமர்ந்து, வணிகர் குலத்து இளைஞன் கோவலனும் ஆடலிலும் பாடலிலும் தேர்ந்த நங்கை மாதவியும் ஒரே யாழை ஒருவர்பின் ஒருவராக ஏந்திப் பாடியனவாக இளங்கோவடிகள் அமைத்த பாட்டுத் தொகுதிக்குக் கானல்வரி என்று பெயர். சிலப்பதிகாரத்தின் 30 பகுதிகளுள் 7-ஆவதாகப் புகார்க் காண்டத்தில் நிற்கும் இதனைப் பற்றி உரையாசிரியர்களும் பதிப்பாசிரியர்களும் இசை ஆராய்ச்சியாளரும் மேடைப் பேச்சாளரும் திரைப்படத்தாரும் மொழிபெயர்ப்பாளரும் பலவாறாகப் பேசியிருக்கின்றனர். அவர்கள் பேசியவற்றை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஒரு குறை வெளிப்படையாகத் தெரிகிறது. கதையின் திருப்புமுனை என்று இதனைப் போற்றினோர் பலர். பண்டை இசையிலக்கணத்துக்குச் சான்று என்று இதனைத் துருவினோர் பலர். முதற் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை ஒரே இசைப்படைப்பாக வைத்து இதனைக் கேட்டு மதிப்பிட்டோர் மிகச் சிலரே. அந்தக் குறை எவ்வாறு நேர்ந்தது என்பதையும், அது தீர்வதற்கு வழி உண்டா என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தொகுதியின் அமைப்பைச் சற்று விரிவாகவே நோக்குதல் வேண்டும். தொடக்கத்தில் பாட்டு இல்லை, யாழ் இருக்கிறது. சித்திரத் துணியால் ஆன உறையிலிருந்து வெளிப்பட்ட யாழை மாதவி தொழுது வாங்கி, அதன் உறுப்புகளில் குற்றம் யாதும் இல்லை என்று கண்டு, நரம்புகளைச் சுருதி கூட்டிச் செவியால் ஓர்ந்து, பின்னர்க் கோவலன் கையில் அளிக்கிறாள். இந்தச் சிறு செயலுக்குள் பண்ணல், தைவரல், செலவு, கையூழ் முதலாக எண்வகைக் கலைத்தொழிலையும், உருட்டல், அள்ளல், வார்தல் முதலாக எண்வகை இசைக்கரணத்தையும் அடிகள் அடக்கிவிடுகிறார். கச்சேரிக்கு முன்னே தம்புராவை மீட்டிச் சுருதி சேர்க்கும் அந்தச் சில நிமிஷங்களை இத்துணைச் சிரத்தையோடு வர்ணித்த கவி வேறொருவர் நம் மொழியில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பாடப்போகிறவர்கள் இசையை விளையாட்டாகக் கற்றவர்கள் அல்லர் என்பதும், இனி வரும் சொற்களை நரம்பின் துணையோடு கேட்கவேண்டுமேயன்றி வெறும் ஏட்டுச் செய்யுளாகப் படித்துவிடலாகாது என்பதும் இந்த முகப்பிலேயே நமக்கு அறிவிக்கப்படுகின்றன.

கோவலன் காவிரியை முன்னிலைப்படுத்தி ஆற்றுவரி பாடுகிறான். சோழ மன்னன் கங்கையைக் கூடினாலும் குமரியைக் கூடினாலும் காவிரி ஊடுவதில்லை, அதுவே கற்பு என்பது அவன் பாட்டின் கருத்து. பிறகு அவன் பாட்டு ஆற்றை விட்டுக் கடற்கரைக்கு இறங்குகிறது. பரதவர் குலத்துப் பெண் ஒருத்தி உலர்த்திய மீனைப் பறவைகள் கவராமல் காத்து நிற்கிறாள். அவளைக் கண்டு நெஞ்சிழந்த தலைவன் ஒருவன், அவள் கண்களையே கூற்றம் என்கிறான். தந்தை வலை வீசி உயிர்களைக் கொல்ல மகள் விழியால் கொல்கிறாள் என்று நோகிறான். சார்த்துவரி, நிலைவரி, முரிவரி, திணைநிலைவரி என்று வகைவகையாக வரும் இப்பாட்டுகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சிறு மாற்றங்களோடு மும்முறை சொல்லும் அடுக்குகளாக அமைந்திருப்பது கருதத்தக்கது. ஏட்டில் படிப்பவனுக்கு இது கூறியது கூறலாகத் தோன்றக்கூடும். பாடுகிறவனுக்கோ ஒரே மெட்டை மூன்று முறை எடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரு புதிய சொல்லில் உணர்ச்சியை ஏற்றும் வாய்ப்பு இதனால் கிடைக்கிறது. நம் நாட்டுப் பாடல்களிலும் இந்த உத்தியே இன்றும் வழங்குகிறது.

மாதவி யாழை வாங்கி மறுமொழியாகப் பாடுவது தொகுதியின் பின்பகுதி. அவளும் காவிரியிலிருந்தே தொடங்குகிறாள். ஆனால் அவள் காவிரி நடப்பது கணவனாகிய சோழனின் செங்கோல் வளையாமையால் என்கிறாள். மறுபாட்டு இவ்வாறு முன்பாட்டின் அடித்தளத்தையே எடுத்துக்கொண்டு அதன் பொருளைத் திருப்பிவிடுகிறது: ஊடாமல் பொறுத்திருப்பது மனைவியின் கடமை என்று அவன் பாட, பொறுக்கத்தக்க நடையுடையவனாக இருப்பது கணவனின் கடமை என்று அவள் உணர்த்துகிறாள். அதன்பின் அவள் பாடும் நெய்தற் பாட்டுகளில் காதலன் தேர் சென்ற தடத்தைக் கடலலை ஏறி அழித்துவிடுகிறது. அன்னத்தை நோக்கியும் நாரையை நோக்கியும் பிரிந்தாள் ஒருத்தி பேசுகிறாள். இறுதியில் மாலைப்பொழுது வந்து அவள் உயிரைக் கேட்கிறது. அந்த மாலைப் பாட்டில் நுளையரின் விளரிப் பண்ணும், இளி, கிளை முதலிய இசைக் குறியீடுகளும் பாட்டின் பொருளோடு பின்னி வருகின்றன. பாடுகிறவளின் துயரமும் பாடப்படும் பண்ணின் இலக்கணமும் ஒரே சொல்லுக்குள் வந்து தங்கும் இந்த இடத்தைத் தொகுதியின் சிகரம் என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை.

இனி மதிப்பீட்டின் வரலாற்றுக்கு வருவோம். அந்த வரலாறு நூலுக்கு வெளியே தொடங்கவில்லை. பாட்டு முடிவதற்கு முன்னரே, அந்தப் புன்னை நிழலிலேயே தொடங்கிவிட்டது. முதல் ரசிகை மாதவி. கோவலன் பாடியது அவள் மனம் மகிழும்பொருட்டு என்றே அடிகள் சொல்கிறார். அவளோ பாட்டில் வந்த பரதவப் பெண்ணைக் கற்பனை மகளாகக் கொள்ளாமல், அவன் நெஞ்சில் வேறொருத்தி புகுந்துவிட்டாள் என்று கொண்டாள். உள்ளே ஊடலும் முகத்தில் மகிழ்ச்சியுமாக யாழை வாங்கி, தன் நெஞ்சிலும் வேறொரு குறிப்பு உள்ளது போலத் தோன்றப் பாடினாள். இரண்டாவது ரசிகன் கோவலன். அவனும் அவ்வாறே பாட்டின் தலைவியையும் பாடிய மாதவியையும் ஒன்றாக்கினான். பொழுது கழிந்தது என்று சொல்லி எழுந்து, அவள் எழுமுன்னரே ஏவலர் சூழப் போய்விட்டான். விழா முடிந்து ஆடலும் கோலமும் ஓய்ந்தமையால் அவன் முன்னமே ஒருமுறை ஊடியிருந்தான் என்பதைக் கடலாடு காதையில் படித்தவர்கள் இந்த இடத்தில் அதனை நினைவுகூர்தல் நன்று. கேட்கிறவனின் மனநிலை பாட்டின் பொருளை எவ்வளவு தூரம் நிர்ணயிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

கோவலனின் மதிப்பீடு அதோடு நின்றுவிடவில்லை. அடுத்து வரும் வேனிற் காதையில் தனிமையுற்ற மாதவி பூவிதழில் எழுதி அனுப்பிய திருமுகத்தை அவன் ஏற்க மறுக்கிறான். மறுக்கும்போது காண்வரி, உள்வரி, புறவரி, கிளர்வரி என்று வரிக்கூத்தின் எட்டு வகைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, அவள் தன்னிடம் காட்டிய அன்பெல்லாம் அந்தக் கூத்துகளின் நடிப்பே, அவள் ஆடல்மகள் ஆதலின் அது அவளுக்குப் பொருந்தும் என்கிறான். கடற்கரையில் கலையை வாழ்க்கை என்று எண்ணி மயங்கியவன், வீதியில் வாழ்க்கையைக் கலை என்று எண்ணித் தள்ளுகிறான். இரு முறையும் அவன் தவறியது ஒரே இடத்தில். மூன்றாம் முறை மதுரையை நெருங்கும் வழியில் கோசிகன் கொண்டுவந்த அவளுடைய மற்றொரு திருமுகத்தைப் படித்த பின்னரே, தீது அவளுடையதன்று, தன்னுடையதே என்று அவன் தெளிகிறான். ஒரு பாட்டைக் கேட்டவன் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ள மூன்று காட்சிகள் தேவைப்பட்டன. அதற்குள் அவன் ஊரும் செல்வமும் இழந்து, உயிர் இழக்கும் நகரத்தின் வாயிலுக்கே வந்துவிட்டான்.

அடிகளோ இருவரையும் குற்றம் சாட்டவில்லை. யாழிசையைச் சார்பாக வைத்துக் கோவலனின் ஊழ்வினையே வந்து சினந்தது என்பது அவர் கூற்று. இந்தக் கூற்றைப் பிற்காலத்தார் எடுத்துக்கொண்ட விதமே கானல்வரியின் புகழுக்கு ஓர் எல்லையாயிற்று என்பது என் அபிப்பிராயம். ஊழ்வினை வந்த வழி என்று முடிவு கட்டிவிட்டபின், அந்த வழியின் அழகைப் பார்க்க யாருக்கு மனம் வரும்? கானல்வரி என்றால் பிரிவு, பிரிவுக்குக் காரணம் ஐயம், ஐயத்துக்குக் காரணம் பாட்டு என்ற சங்கிலி வகுப்பறைகளிலும் பட்டிமன்றங்களிலும் உறுதிப்பட்டது. மாதவி அவ்வாறு பாடியிருக்கலாமா, கோவலன் அவ்வாறு எழுந்து போயிருக்கலாமா என்று நடத்தையை விசாரித்தவர்கள், தாமும் கோவலனைப் போலவே பாட்டையும் பாடியவளையும் ஒன்றாக வைத்துப் பேசினார்கள் என்பதை உணரவில்லை. அகத்திணை மரபில் பாடுகிறவரின் பெயரும் கேட்கிறவரின் பெயரும் சொல்லப்படாமல் தலைவன், தலைவி, தோழி என்ற வேடங்களே பேசும் என்ற இலக்கணம் நம் மொழிக்கு எத்துணைத் தொன்மையானது! கோவலனின் மனைவி கண்ணகிக்கும் மாதவிக்கும் தனித்தனி நூல் எழுதிய மு. வரதராசனார் போன்றோர் மாதவியைப் பரிவோடு அணுகியது பெரிய நன்மையே. எனினும் அந்தப் பரிவும் பாத்திரத்துக்குக் கிடைத்ததேயன்றிப் பாட்டுக்குக் கிடைத்ததாகச் சொல்ல முடியவில்லை.

உரையாசிரியர்களின் துணை இருந்திருந்தால் இந்நிலை வேறாக இருந்திருக்கும். இங்கேதான் காலம் நமக்குச் செய்த கொடுமை இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்குக் கிடைத்துள்ள பழைய உரைகள் இரண்டு. அரும்பதவுரை நூல் முழுவதற்கும் உண்டு. ஆயினும் அது அருஞ்சொற்களுக்குக் குறிப்பெழுதிச் செல்லும் சுருக்கமான உரை. இசையிலும் கூத்திலும் ஆழ்ந்த புலமையுடைய அடியார்க்கு நல்லாரின் உரையோ விரிவானது. இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் என்ற நூல்களை ஆதாரமாகக் கொண்டு தாம் உரை எழுதியதை அவரே கூறுகிறார். அரங்கேற்று காதைக்கு அவர் எழுதிய உரை இல்லையேல் பழந்தமிழ் இசையைப் பற்றி நாம் இன்று பேசுவதில் பாதிக்குமேல் பேச இயலாது. அத்தகையவரின் உரை, கிடைத்துள்ள பகுதியின் இடையில் கானல்வரிக்கு மட்டும் அற்றுப்போயிற்று. அதற்கு முந்திய கடலாடு காதைக்கும் உண்டு, பிந்திய வேனிற் காதைக்கும் உண்டு. எந்த வரியை எந்தப் பண்ணில், எந்தத் தாளத்தில் பாடினர், முகமில்வரிக்கும் முரிவரிக்கும் பாடும் முறையில் வேற்றுமை யாது என்ற கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கக்கூடிய ஏடுகள் செல்லரித்துப் போயினவோ, தெரிந்தெடுத்துப் பாடப் பிரித்தவர் கையில் சிதறினவோ, இன்று சொல்லுவார் இல்லை. தமிழ் விமர்சன உலகில் நேர்ந்த இழப்புகளுள் இதனை நான் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகக் கருதுகிறேன்.

அச்சுக் காலத்தில் நூலுக்குப் புத்துயிர் தந்தவர் உ. வே. சாமிநாதையர். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த காலத்தில், 1892-ஆம் ஆண்டில், அரும்பதவுரையோடும் கிடைத்த அளவில் அடியார்க்கு நல்லார் உரையோடும் அவர் வெளியிட்ட பதிப்பே பின்வந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் அடிப்படை. தஞ்சைக்கு அணித்தான நடுக்காவேரியில் பிறந்த ந. மு. வேங்கடசாமி நாட்டார் 1942-இல் வெளியான தம் உரையினால் கானல்வரியின் சொற்பொருளைச் சாதாரண வாசகனும் அறியச் செய்தார். காவிரிக் கரையில் பிறந்த இப்பாட்டுக்குக் காவிரிக் கரையிலேயே இவ்வளவு பணி நடந்தது என்பதில் இப்பகுதியார் பெருமை கொள்ளலாம். ஆனால் இவை பொருள் விளக்கும் பணிகள். இசை பற்றிய ஆராய்ச்சி தனியாகத் தஞ்சையில் தோன்றவேண்டியிருந்தது.

அதனைத் தொடங்கியவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். மருத்துவராகப் பொருளீட்டி அதனைச் சங்கீத மாநாடுகளுக்கும் நூலாராய்ச்சிக்கும் செலவிட்ட அப்பெரியார், 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் முதன்மைச் சான்றாக்கி, இன்றைய கர்நாடக சங்கீதத்தின் சுருதி முறை பண்டைத் தமிழிசையினின்று வந்ததே என்று வாதித்தார். அவரது கணக்குகளில் சிலவற்றைப் பின்வந்தோர் மறுத்திருக்கலாம். ஆனால் சிலப்பதிகாரத்தை இசைநூலாக எடுத்துப் படிக்கவேண்டும் என்று தமிழருக்குச் சொன்ன பெருமை அவருக்கே உரியது.

அவ்வழியில் வந்த விபுலானந்த அடிகளை நினைக்கும்போது எனக்கு மிகுந்த நெகிழ்ச்சி உண்டாகிறது. ஐயரின் சிலப்பதிகாரப் பதிப்பு வெளிவந்த அதே 1892-இல் மட்டக்களப்பைச் சேர்ந்த காரைதீவில் பிறந்தவர் அவர். கடலும் வாவியும் சூழ்ந்த ஊரார். மட்டக்களப்பு வாவியில் நிலவுக் காலத்து இரவுகளில் நீருக்குள்ளிருந்து எழும் இன்னொலியை நீரரமகளிர் பாட்டாக எண்ணிக் கேட்ட செவி அவருடையது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர்க் கொழும்பிலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்து அவர் நெடுங்காலம் உழைத்து முடித்த யாழ்நூல், 1947 ஜூன் மாதத்தில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அடுத்த மாதமே அடிகளார் காலமானார். மறைந்த யாழ்களின் வடிவத்தையும், நரம்புகளின் எண்ணிக்கையையும், பாலைத் திரிபையும் கணித முறையில் மீட்டுத் தந்த அந்நூல், அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் தகுதியைச் சொல்லும் 25 அடிகளுக்கு எழுந்த விரிவுரை என்று சொல்லத்தக்கது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. 25 அடிகளிலிருந்து ஒரு மகாசாஸ்திரத்தையே வருவித்தவரைக் குறை சொல்ல யாருக்குத் தகுதி உண்டு? ஆயினும் யாழாசிரியன் கற்பித்த இடத்துக்குக் கிடைத்த கவனம், கற்றவள் கடற்கரையில் உட்கார்ந்து பாடிய இடத்துக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மையே. அடியார்க்கு நல்லார் உரை கிடைத்த காதைக்கு ஆராய்ச்சி பெருகியது, கிடைக்காத பகுதி நின்ற இடத்திலேயே நின்றது என்று இதனை விளக்கலாம்.

இலக்கணத்தைப் பாட்டாக்கும் முயற்சியில் முன்னின்றவர் எஸ். ராமநாதன். சங்கீத வித்துவானாகவும் ஆராய்ச்சியாளராகவும் இருந்த அவர், அமெரிக்காவிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையைப் பற்றியே ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். சிலப்பதிகாரப் பாட்டுகளுக்கு மெட்டமைத்துப் பாடியும் காட்டினார். எம். எஸ். சுப்புலட்சுமி பாடிப் பரவிய ஆய்ச்சியர் குரவைப் பாட்டை இன்று அறியாத தமிழ் வீடு குறைவு. ஆய்ச்சியர் குரவைக்கு வாய்த்த அந்தப் பாக்கியம் கானல்வரிக்கு ஏன் வாய்க்கவில்லை? முன்னது திருமாலைப் பாடுவதால் பக்திக் கச்சேரியில் இடம் பெற்றது. பின்னது காதலையும் ஊடலையும் கடலையும் மட்டுமே பாடுவதால், தெய்வத்தை நோக்காத உருப்படிக்கு இடம் சுருங்கிய நம் சபாக்களில் நுழைய வழியின்றி நின்றது. 1941 முதல் சிதம்பரத்திலும் சென்னையிலும் வலுப்பெற்ற தமிழிசை இயக்கம் தமிழ்ப் பாட்டுக்கு மேடை வாங்கிக் கொடுத்தது உண்மை. ஆனால் தேவாரத்தையும் அருணாசலக் கவிராயர் போன்றோரின் கீர்த்தனங்களையும் மேடையேற்றிய அளவுக்கு வரிப்பாட்டுகளை ஏற்றவில்லை.

உலகின் வேறொரு கரையில் நிகழ்ந்ததை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 1961 முதல் 1963 வரையுள்ள ஆண்டுகளில், கலிபோர்னியாக் கடற்கரையில் பலகையேறி அலைச்சறுக்கு ஆடிய இளைஞர்களிடையே ஸர்ஃப் ராக் என்றொரு இசை பிறந்தது. மின்கித்தாரின் நரம்பை மிக வேகமாக மீட்டி, ஒலியை நீரில் தோய்த்தெடுத்தது போன்ற எதிரொலிக் கருவியினூடே செலுத்தி, அலைமேல் நிற்கும் அனுபவத்தை நரம்பில் எழுப்ப அவர்கள் முயன்றனர். அவர்களுள் முதன்மையானவர் எனக் கருதப்படும் டிக் டேல், லெபனான் வமிசத்தவர். 1962-இல் அவர் மீட்டிப் புகழ்பெற்ற மிசிர்லூ என்ற மெட்டு கிழக்கு மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் முன்னமே வழங்கியது. அம்மெட்டின் சுரவரிசை, நம் வீட்டுக் குழந்தைகள் சரளி வரிசை பயிலும் மாயாமாளவகௌளையின் சுரவரிசையே என்பதைக் கேட்டு மகிழாத தமிழ் ரசிகர் இருக்கமாட்டார். அந்த இசையையும் அக்காலத்து விமர்சகர் பலர் விடலைப் பருவத்தின் பொழுதுபோக்கு என்றே தள்ளினர். 1994-இல் ஒரு திரைப்படத்தின் தொடக்கத்தில் மிசிர்லூ ஒலித்தபோதுதான் புதிய தலைமுறை அதனைத் திரும்பக் கேட்டது; கேட்டபிறகே மதிப்பீடும் மாறியது. ஏட்டில் எத்தனை பக்கம் எழுதினாலும் விளையாத மாற்றம், செவியில் ஒருமுறை விழுந்ததால் விளைந்தது. நம் கானல்வரிக்கு நேராத அதிருஷ்டம் இதுவே.

முற்றிலும் நேரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. திரையுலகில் கோவலன் கதை பலமுறை எடுக்கப்பட்டது. பி. நீலகண்டன் இயக்கத்தில் மு. கருணாநிதியின் திரைக்கதையோடு 1964-இல் வந்த பூம்புகார், இவ்வூரின் பெயரையே பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தது. ஆனால் அதன் பாட்டுகள் படத்துக்கென்று புதிதாக எழுதப்பட்டவை. இளங்கோவின் ஆற்றுவரியைத் துணிந்து திரையிசைக்குக் கொண்டுவந்தவர் வங்காளியரான சலீல் சௌதுரி. செம்மீன் என்ற கடற்கரைப் படத்தைத் தந்த ராமு காரியாட் தமிழில் எடுக்க முற்பட்ட கரும்பு என்ற படத்துக்காக, ஜேசுதாஸும் பி. சுசீலாவும் பாட, அவர் அப்பாட்டுக்கு மெட்டமைத்தார். படம் வெளிவரவில்லை, பாட்டு மட்டும் தப்பிப் பிழைத்து ரசிகர்களிடம் உலவுகிறது. தமிழ் அறியாத ஒருவர், சொல்லின் தாளத்தை மட்டும் செவியால் பற்றி, ஆற்றின் நடையையும் தாலாட்டின் அசைவையும் அம்மெட்டில் வைத்திருப்பதைக் கேட்கும்போது, கானல்வரிக்கு இத்தனை நூற்றாண்டுகளில் கிடைத்த மிகச் சிறந்த விமர்சனம் அந்தச் சில நிமிஷ இசையே என்று எனக்குத் தோன்றுகிறது. காவிரியின் நடையைப் போற்றும் மாதவியின் சொற்கள், தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய காவிரிப் பயண நூலுக்கும் பெயராக நின்று அன்றாட வழக்கில் கலந்தன.

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1939-இல் வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதரும், 1965-இல் இசையறிஞரான அலென் தனியேலுவும், 1993-இல் ஆர். பார்த்தசாரதியும் ஆங்கிலத்தில் தந்த பெயர்ப்புகளால் நூல் உலகறிந்தது. மும்மடங்காக அடுக்கிவரும் வரிப்பாட்டை வேறு மொழியில் பெயர்க்கும்போது மெட்டு நீங்கிவிடுவதால், அடுக்கின் காரணமும் உடன் நீங்கிவிடுகிறது. கவிதையாக்கிய பார்த்தசாரதியின் பெயர்ப்பே இந்த இடையூற்றை ஓரளவு கடந்தது என்பது என் மதிப்பு.

இன்னும் ஒரு தரப்பாரின் மதிப்பீடு கேட்கப்படவே இல்லை. கானல்வரியின் தலைவி பரதவப் பெண். அவள் காக்கும் மீன், அவள் தந்தையின் வலை, நுளையரின் விளரிப் பண் எல்லாம் மீனவர் வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை. பாடியவர்களோ வணிகனும் நாடகக் கணிகையும். இந்தப் பாட்டுகள் அக்கரையிலேயே வாழ்ந்தவரின் பாட்டுக்கு எவ்வளவு கடன்பட்டவை என்று ஆராய வேண்டாமா? கரைவலை இழுக்கும்போதும் மரம் தள்ளும்போதும் ஏலேலோ என்று எடுத்து ஒருவர் பாடப் பலர் வாங்கிப் பாடும் அம்பாப் பாட்டுகள் ஈழத்துக் கடற்கரையிலும் தமிழகக் கடற்கரையிலும் வழங்கிவந்தன. இயந்திரப் படகுகள் வந்தபின் கூட்டு உழைப்பு குறைந்து அப்பாட்டுகளும் குறைந்துவருகின்றன. வானகிரி முதலிய பக்கத்து ஊர்களில் அவற்றை அறிந்த முதியோர் உள்ளபோதே அவற்றை ஒலிப்பதிவு செய்து, வரிப்பாட்டின் அடுக்கோடும் சந்தத்தோடும் ஒப்புநோக்கினால், அடியார்க்கு நல்லார் உரை அழிந்த இடத்தில் நமக்கு ஏதேனும் ஒளி கிடைக்கக்கூடும். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை இந்தக் கரையில் எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்பதை அறிந்தவர்கள், இந்தப் பணியில் தாமதம் கூடாது என்பதையும் அறிவார்கள். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவ இளைஞர்களே அலைச்சறுக்கு வீரர்களாகி, 2013 முதல் அங்கே அலைச்சறுக்கும் இசையும் சேர்ந்த விழா நடந்ததைக் கேட்கும்போது, கடற்கரை இசைக்குச் செவி கொடுக்க இளந்தலைமுறை ஆயத்தமாகவே இருக்கிறது என்ற நம்பிக்கையும் உண்டாகிறது.

தொகுதியை முழுமையாக எடுத்துக்கொண்டு என் தீர்ப்பைச் சொல்வதானால், கானல்வரி சிலப்பதிகாரக் கதைக்கு ஒரு காரணமாக மட்டும் அமைந்ததன்று. இரண்டு குரலும் ஒரு யாழும் கொண்டு, ஆற்றிலிருந்து கடலுக்கும், பகலிலிருந்து மாலைக்கும், மகிழ்விலிருந்து பிரிவுக்கும் படிப்படியாக நகரும்படி திட்டமிட்டு ஆக்கிய தனி இசைப்படைப்பு அது. அதன் முதற்பகுதியை அறியாமல் பிற்பகுதியின் ஆழம் விளங்காது. தனித்தனிப் பாட்டாக எடுத்துப் பாடும்போது மாதவியின் மறுமொழி மறுமொழியாகவே ஒலிப்பதில்லை. தனிப்பாட்டாகப் பாடுவோர் இன்றும் உளர். முழுத் தொகுதியாக நிகழ்த்தும் வழக்கம்தான் வேரூன்றவில்லை. அது வேரூன்றாதவரையில் நம் மதிப்பீடுகள் எல்லாம் கேளாத பாட்டைப் பற்றிய மதிப்பீடுகளாகவே இருக்கும்.

எழுநிலை மாடமாக உயர்ந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973 முதல் பூம்புகாரில் நிற்கிறது. கண்ணகியின் வரலாறு அங்கே கல்லில் காணக் கிடைக்கிறது. சித்திரை முழுநிலாவையொட்டி இவ்வூரில் இந்திர விழா எடுக்கும் வழக்கமும் நம் காலத்தில் புதுப்பிக்கப்பெற்றது. திருவையாற்று அரசு இசைக் கல்லூரியும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைத்துறையும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இதற்கு அணித்தாகவே உள்ளன. யாழ் கிடைத்தால் யாழும், கிடையாவிடின் வீணையோ கித்தாரோ கொண்டு, யாழ் கைமாறும் முகப்பு முதல் சோழனை வாழ்த்தும் முடிவுவரை ஒரு பாட்டும் விடாமல், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பாடும்படி, அவ்விழாவில் ஒரு மாலைப்பொழுதை இத்தொகுதிக்கென்று ஒதுக்குமாறு இந்நிறுவனங்களைச் சார்ந்த ஆசிரியர்களையும் மாணவர்களையும் வேண்டிக்கொள்கிறேன். முன் வரிசையில் வானகிரி மீனவ முதியோர்களை அமர்த்தி, பாட்டு முடிந்தபின் அவர்கள் சொல்லும் அபிப்பிராயத்தையும் எழுதிக்கொள்ளவேண்டும்.